படத்தில் தெரிந்த கை

சுத்தியலக் கீழ வெச்சிருங்ணா. கோவிச்சுக்காதீங்க. கதவ மாட்ட வரச் சொன்னதும் நானே, வந்ததுக்கப்பறம் வேல செய்ய வேண்டாங்கறதும் நானே. செத்த நேரந்தான். உள்ள போன்ல ஆள் இருக்குது. பேந்த கதவ அப்பிடியே செவுத்துல சாத்திட்டு, இப்பிடி என்ற முன்னாடி உக்காருங்க. நான் இந்த நிலைப்படியிலதான் நிக்கோணும், உள்ளுக்கு முதுகக் காட்டிக்கிட்டு. திரும்பக் கூடாதாம். என்ற ஊட்ல, என்ற தம்பி இருக்கற ரூம நான் திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு மெட்ராஸ்ல உக்காந்துக்கிட்டு ஒரு பொண்ணு சொல்றா. கேட்டீங்களா கூத்த.

நீங்க வந்தது ஒரு வகையில நல்லதாப் போச்சு. பேசறதுக்கு ஆள் இருந்தா காது உள்ள போவாது. உங்களுக்கு அங்கிருந்து கட்டிலு, அடுப்பு எல்லாந் தெரியுதுங்களா? தெரியுதில்ல? சரி, என்ன பண்றான்னு எங்கிட்டச் சொல்லாதீங்க. சொன்னா நான் திரும்பிருவேன்.

சென்னியப்பன்னு பேரு. சென்னி, சென்னின்னுதான் கூப்பிடறது. பெயிண்டிங் வேல பாத்துக்கிட்டிருந்தான். அவினாசிப் பக்கம் ஒரு கம்பெனிக் கட்டடத்துல சாரம் சரிஞ்சு உழுந்தவன், இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே தெரியாமப் போச்சு. அன்னையிலிருந்து எல்லாம் நாந்தான். தண்ணி வாத்து உடறது நானு, துணி மாத்தறது நானு, சட்டைக்குப் பொத்தான் போடறது நானு. கைதான் நல்லா இருக்குதேன்னு நீங்க நெனைக்கறது தெரியுது. எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. கை நல்லாத்தான் இருக்குது. ஆனா அவன் பொத்தான் போட ஆரம்பிச்சா ஒரு டீ வெச்சுக் குடிச்சு முடிச்சிரலாம். நான் போட்டா ஒரு நிமிசம். எனக்கு வேல இல்லீங்களா? பனியன் கட்டு வந்து எறங்கிக் கெடக்கும், பிசிறு வெட்டிக் குடுக்கோணும்.

எங்க ஊட்டுக்காரரு இருந்தாருங்க. அவனா நானான்னு ஒரு நாள் கேட்டாரு. நான் சென்னிக்குச் சோறு பெசஞ்சுக்கிட்டிருந்தேன். பொட்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. போவட்டும்.

அது ஆரு பேசறது? அந்தப் பொண்ணுதான். "நல்லது, பிரேக் போட்டாச்சா"ங்கறா. பிரேக்குங்கறது சக்கர நாற்காலிக்குங்க. நானா இருந்தா கேக்க வேண்டியதே இல்ல, நாந்தானே போடறது.

சரி, இவ எதுக்கு வந்து சேந்தான்னு சொல்றேன். சென்னி படுத்த வாக்குலயே கம்ப்யூட்டர் கத்துக்கிட்டான். பனியனுக்குப் பூப்போடற எம்ப்ராய்டரி இருக்குதில்ல, அதுக்கு டிசைன் போடறது. கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனி அதப் பாத்துட்டு வான்னு கூப்பிடுது. கம்பெனிக்குள்ளயே ரூம் தராங்களாம். ஆனா கூட ஆளு இருக்கக் கூடாதாம், தனியாப் பொழங்கத் தெரியோணுமாம். அது தெரியுமா தெரியாதான்னு பாத்துச் சொல்றதுக்குத்தான் இந்தப் பொண்ணு. ஜெசிந்தான்னு பேரு. ஆக்குபேஷனல் தெரபிஸ்டாம். பிசியோ வேறயாம், இது வேறயாம். பிசியோக்காரங்க காலை நடக்க வெக்கப் பாப்பாங்களாம். இவங்க, நடக்காத காலோட ஒருத்தன் எப்பிடித் தண்ணி வாத்துக்கறது, எப்பிடிச் சோறாக்கித் திங்கறதுன்னு பாப்பாங்களாம். அதெல்லாம் நேர்ல வந்தில்லீங்க பாக்கோணும்? போன்ல பாக்கறா. அவ சரின்னு எழுதிட்டா அடுத்த மாசம் சென்னி கெளம்பிருவான். முடியாதுன்னு எழுதினா இங்கயே இருப்பான்.

நான் போவ வேண்டாம்னு ஒரு நாளும் சொன்னதில்லீங்க. அத எங்க வேணாலும் வந்து சொல்லுவேன்.

மொதத் தடவ வீடியோ கால் வந்தப்ப நான் எவ்வளவு மெனக்கெட்டேன் தெரியுங்களா? ஒறம்பரை வராங்கன்னா ஊட்ட எப்பிடி வெப்போம்? அப்பிடி வெச்சேன். விடியறப்பவே அவனுக்குத் தண்ணி வாத்து உட்டு, பவுடர் போட்டு, தேச்ச சட்டை மாட்டி, தலை சீவி, ஜன்னலோரம் நாற்காலியில உக்கார வெச்சுட்டேன். மூத்தரப் பை, கிழிஞ்ச போர்வை, மருந்து டப்பா எல்லாத்தையும் கட்டிலுக்கு அடியில தள்ளியாச்சு. புதுப் பெட்சீட்டு. போன நாந்தான் புடிச்சுக்கிட்டிருந்தேன். "அண்ணா, காலையில எப்பிடிக் குளிச்சீங்க, எப்பிடி டிரஸ் பண்ணீங்க, காட்டுங்க"ங்கறா. எல்லாம் முடிச்சாச்சு மேடம், நீங்க பாக்கறீங்கன்னுதான் வெள்ளனே பண்ணி உட்டுட்டேன்னேன். அவ மூஞ்சி அப்பிடியே சுருங்கிப் போச்சு. எல்லாத்தையும் சுத்தமா வெச்சா பாராட்டுவாங்கன்னு பாத்தா, இவளுக்கு அழுக்குத்தான் வேணுமாட்ட இருக்குது.

அப்பறம் கேள்வி மேல கேள்வி. ராத்திரி புரண்டு படுப்பீங்களா? நாந்தான் புரட்டிப் போடுவேன் மேடம். பாத்ரூம் போவோணும்னா? எங்கிட்டச் சொல்லுவான் மேடம். கடைசில, "அக்கா, நான் அவரக் கேட்டேன்"ங்கறா. அவனக் கேட்டா என்ன, என்னையக் கேட்டா என்ன?

சரின்னு, நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறச் சொன்னா. அதுக்கு ஒரு பலகை இருக்குதுங்க, ரெண்டுக்கும் நடுவுல போட்டு வழுக்கிக்கிட்டே போறது. இவன் பலகையப் போட்டு, கைய ஊனி, அப்பிடிச் சாயறான். "அக்கா, படத்துல உங்க கை தெரியுது." எடுத்துக்கிட்டேன். மறுபடிச் சாயறான். "அக்கா, கை." எடுத்துக்கிட்டேன். நான் வேணும்னா நீட்டறேன்? அது தானாப் போவுதுங்க. கீழ உழப் போறவனப் புடிக்கறதுக்குக் கையிகிட்ட உத்தரவு கேட்டுக்கிட்டா இருப்பாங்க? சென்னி தலையக் குனிஞ்சுக்கிட்டான். "விடுக்கா, போன வெய்யி"ன்னான்.

என்ன அது? தொப்புனு? தலகாணியா? தலகாணிதானே? நெசமாச் சொல்லுங்க. சரி. சரி. வேண்டாம், இனிச் சொல்லாதீங்க.

அந்தக் கீழ்த் தாழ்ப்பாள் அங்க கெடக்குது பாருங்க, கதவோட பேந்து வந்தது. அத எடுத்துக் குடுங்கண்ணா, கையில வெச்சுக்கறேன். கை சும்மா இருந்தா ஆவாது எனக்கு.

இந்தத் தாழ்ப்பாள் இருக்குதே, இத நாங்க போட்டதே கெடையாதுங்க. துருப்புடிச்சுக் கெடந்துச்சு. மேல் தாழ்ப்பாளும் போடறதில்ல, அவன் இருக்கற ரூமுக்கு எதுக்குத் தாழ்ப்பாள்? ரெண்டாந் தடவ கால் வந்தப்ப அந்தப் பொண்ணு சொல்லிட்டா, போன மாவு டப்பா மேல சாத்தி வெச்சுட்டு அக்கா வெளிய இருக்கட்டும்னு. நானும் வந்தேன். வந்து திரும்பறேன், பின்னாடி கிர்ருனு ஒரு சத்தம். உள்ள தாழ்ப்பாள் போடறான்! தள்ளிப் பாத்தா அசையல. அப்பறம் பாக்கறேன், இதுல தேங்கா எண்ணெ உட்டு வெச்சிருக்கான். இன்னும் பிசுபிசுப்பு இருக்குது பாருங்க. எப்ப உட்டான்? நான் அக்கட்டப் போனப்ப எப்பவோ, குனிஞ்சு குனிஞ்சு, கொஞ்சங் கொஞ்சமா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.

கதவுல காத வெச்சுக்கிட்டு நின்னேன். அப்பறம் தடார்னு ஒரு சத்தம். அண்ணா, அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். நாற்காலி வழுக்கி ஆளு தரையில உழற சத்தம். சென்னீன்னு கத்தறேன். உள்ள அந்தப் பொண்ணு பேசறா, ஒரு பதட்டம் இல்ல. "தலையில அடிபட்டுச்சா? கழுத்து? சரி, மூச்ச இழுத்து விடுங்க. அவசரம் இல்ல. அவசரமே இல்ல." அவசரம் இல்லயாம்! நூத்துக்கணக்கான மைலு தள்ளி உக்காந்துக்கிட்டு, ஒரு வெரலக் கூட நீட்ட முடியாது, அவ சொல்றா அவசரம் இல்லன்னு. இவனும், "அக்கா, ஒண்ணுமில்ல, நானே ஏறிக்குவேன், கதவத் தட்டாத"ங்கறான். ஏறிக்குவானாம். என்னைக்கு ஏறியிருக்கான்? நான் ஏற உட்டிருந்தாத்தானே.

ஓடினேன். பக்கத்து ஊட்டுத் துளசிமணி ஊட்டுக்காரரு தறியில இருந்து வந்து படுத்திருந்தாரு, எழுப்பினேன். கடப்பாறைய எடுத்துக்கிட்டு வந்தாரு. வாசல்ல ஒரு கூட்டம் சேந்துபோச்சு. ஒரே நெம்பு, கதவு அப்பிடியே பேந்து உள்ள உழுந்துச்சு. நீங்க பாத்தீங்களே, கீல் எல்லாம் எப்பிடிப் பிச்சுக்கிட்டு வந்திருக்குதுன்னு.

உள்ள பாத்தா... ரெண்டு முழங்கையும் கட்டில் மேல. ஒரு பக்கத்து இடுப்பு கட்டில் ஓரத்துல ஏறிருச்சு. மூஞ்சியெல்லாம் வேர்வை. அந்தப் பொண்ணு, "இன்னும் ஒரே ஒரு தள்ளு"ங்கறா. கதவு உழுந்த சத்தத்துல அவன் தூக்கிவாரிப் போட்டு, கை நழுவி, மறுபடிக் கீழ உழுந்துட்டான். உட்டுடுவமா? ஆளுக்கொரு பக்கம் புடிச்சு அலேக்காத் தூக்கிக் கட்டில்ல போட்டோம். துளசிமணி சோடா வாங்கியாரச் சொன்னா. அந்தப் பொண்ணுக்குப் போன்ல பூரா எங்க முதுகுதான் தெரிஞ்சிருக்கும்.

அதுக்கப்பறம் என்ன சொன்னா தெரியுங்களா? "இத நான் எழுத முடியாதுக்கா. அவரு ஏறினாரா, ஏறலையான்னு நான் பாக்கல. இன்னொரு தடவ பாக்கணும்." சென்னி செவுத்துப் பக்கமாத் திரும்பிக்கிட்டான். அன்னைக்கு மட்டும் அவனே புரண்டான், பாத்துக்குங்க. அதுக்கப்பறம் எங்கிட்டச் சரியாப் பேச்சே இல்ல. தட்டு வெச்சா திங்கறான், கைய நீட்டினா நகர்ந்துக்கறான். காப்பாத்தப் போனவளுக்கு இதுதான் மரியாதி.

அதுதாங்க இன்னைக்கு மூணாவது கால். அவன் ஞாயித்துக்கிழமையே சொன்னான்தான், காலையில பதினொரு மணிக்குன்னு. எனக்கு மறந்துபோச்சு. நல்ல நாளா இருக்குதேன்னு உங்களப் பதினொரு மணிக்கு வரச் சொல்லிட்டேன். நீங்க வந்து நிக்கறப்பத்தான் அட, இன்னைக்குத்தானேன்னு தோணுச்சு. அவன் என்னைய ஒரு பார்வ பாத்தான், நான் என்னமோ வேணும்னே பண்ணின மாதிரி.

அந்தப் பொண்ணு இன்னொரு நாள் வெச்சுக்கலாமான்னா. சென்னிதான் வேண்டாம்னுட்டான். கதவு இல்லாட்டிப் போவுது, அக்காவ வெளிய அனுப்பினா வாசல்ல உக்காந்து அழுவா, அங்கயே நிக்கட்டும், திரும்பாம நின்னாப் போதும்னான். அதான் நிக்கறேன்.

இன்னைக்கு அவன் வேணும்னே தரையில எறங்கோணுமாம். எறங்கி மறுபடி ஏறோணுமாம். அப்பறம் டீ வெக்கோணுமாம். எல்லாந் தானா. அண்ணா, சுடுதண்ணி கால்ல கொட்டினா அவனுக்குத் தெரியாதுங்க. பொசுங்கற நாத்தம் வந்தாத்தான் தெரியும். ஒருக்கா தொடையில கொப்புளம் கெளம்பி ரெண்டு மாசம் புண்ணு ஆறல. அது நான் வாத்த தண்ணிதான், அவசரத்துல பச்சத் தண்ணி வெளாவாம ஊத்திட்டேன். நான் பக்கத்துல இருக்கறப்பவே அப்பிடின்னா, இல்லாதப்ப என்ன ஆவும்? அதத்தான் அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னேன். அதுக்கு அவ இவனக் கேக்கறா, "தண்ணிய மொதல்ல கையால தொட்டுப் பாப்பீங்களா அண்ணா?" "பாத்துக்குவேன் மேடம். அக்காதான் பாக்க உடல"ங்கறான். எப்பிடிப் போட்டுக் குடுக்கறான் பாருங்க.

என்ன, பேச்சக் காணோம் உள்ள? எறங்கிட்டானா? நீங்க ஏன் எட்டிப் பாக்கறீங்க? அண்ணா, உங்க மூஞ்சி நல்லா இல்ல. கையி நழுவுதா? மூச்சு வாங்கறது கேக்குது. "ஊனுங்க", "தள்ளுங்க", "நில்லுங்க", "மறுபடி"ங்கறா. கேக்குதுங்களா? "அவசரம் இல்ல"ங்கறா. அதையேதான் சொல்லுவா.

நான் ஒருக்காத் திரும்பினாப் போதுங்ணா. ஓடிப்போயி அக்குள்ல கை குடுத்தாப் போதும். படத்துல கை உழுந்துரும். அந்தப் பொண்ணு மறுபடி எழுத முடியாதும்பா. நாலாவது தடவ கம்பெனிக்காரன் காத்திருப்பானா? மாட்டான். எல்லாம் இங்கயே நின்னு போவும். ஒரே ஒரு கை. அது இங்க இருக்குது பாருங்க, இந்த ரெண்டடி தூரத்துல.

புடிங்கண்ணா. என்ற மணிக்கட்டப் புடிங்க. வெக்கமெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். கெட்டியாப் புடிங்க.

ஏறிட்டானா?

ஏறிட்டானா அண்ணா? தலைய ஆட்டாதீங்க, வாயத் தொறந்து சொல்லுங்க. கட்டில் மேலயா? முழுசா? ரெண்டு காலையும் தூக்கி வெச்சுட்டானா? கையால எடுத்து வெச்சானா... சரி. உடுங்க கைய. தாழ்ப்பாள் உள்ளங்கையில குத்திருச்சு, ரத்தமெல்லாம் இல்ல. ஒண்ணுமில்ல.

அந்தப் பொண்ணு சிரிக்கறா, கேக்குதுங்களா? அவனுஞ் சிரிக்கறான். அவன் அப்பிடிச் சிரிச்சு நான் கேட்டதில்ல. எனக்கு வயித்தெரிச்சலா இருக்குதுங்க, பொய் எதுக்குச் சொல்றது. நான் ஒரு நாளைக்கு எத்தன தடவ தூக்கியிருப்பேன். ஒரு தடவயாச்சும் சிரிச்சிருப்பானா?

அவ மேல எனக்கு இவ்வளவு கோவம் ஏன்னு கேட்டீங்கன்னா, அவன என்ன வேணா கேக்கட்டும், அது அவ வேல. அன்னைக்குக் கதவு உழுந்து கூட்டமெல்லாம் கலைஞ்சதுக்கப்பறம், போன எடுத்து வெக்கப் போனேன். லைன்லயே இருக்கறா. "அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா? அவரு கோயம்புத்தூர் போயிட்டா, மறுநா காலையில எந்திரிச்சு நீங்க என்ன பண்ணுவீங்க?" அதென்ன கேள்விங்க அது? எனக்கென்ன கையி இல்லயா, காலு இல்லயா? நானா அவளுக்குச் சீக்காளி? பல்லு வெளக்குவேன், டீ வெப்பேன்னேன். "அப்பறம்?"னா. போன வெச்சுட்டேன்.

அப்பறம் என்னன்னு இன்னைக்கு வரைக்கும் தோண மாட்டேங்குது. அந்தக் கோவந்தான்.

பலகை வழுக்கற சத்தம், நாற்காலிக்கு மாறிட்டான். லைட்டர் அடிக்கறான். அடுப்பு பத்திக்கிச்சு. அடுப்ப மேடையில இருந்து எறக்கிச் சின்ன டேபிள் மேல வெச்சிருக்குதுங்க, அவ சொன்னதுதான். நான் ரெண்டு தடவ மறுபடித் தூக்கி மேல வெச்சேன், குனிஞ்சு சமைச்சா எனக்கு முதுகு போவுது. ரெண்டு தடவையும் அவன் ஆரையோ புடிச்சு எறக்கிட்டான். மடியில பலகை வெச்சிருக்கானா? ஈரத்துண்டு போட்டிருக்கானா அதுக்கு மேல? ம். அதுவும் அவ சொல்லிக் குடுத்ததுதான்.

பால் பொங்குது. வாசத்துலயே தெரியும். அணைடா, அணை... அணைச்சுட்டான். டம்ளர் எத்தன வெச்சிருக்கான்? மூணா? எதுக்கு மூணு?

"பாத்துட்டேன் அண்ணா. எல்லாமே பாத்துட்டேன். எழுதிடறேன்." கேட்டுச்சுங்களா? எழுதிடறாளாம்.

சக்கரம் உருளுது. இந்தப் பக்கந்தான் வாரான்.

"வழி உடுக்கா."

நான் நிலைப்படிய அடைச்சுக்கிட்டு நிக்கறேனாம். நகரோணும். நகர்றேன். அண்ணா, என்ற காலு வர மாட்டேங்குதுங்க. நெசமா. நீங்க சிரிக்காதீங்க, மரத்துப் போச்சு, இவ்வளவு நேரம் ஒரே எடத்துல நின்னேன் இல்ல. ஏன் சும்மா இருக்கான்? தள்ளிக்கிட்டு வரலாமில்ல, இடிச்சுட்டு வரலாமில்ல? பின்னாடி நாற்காலிய நிறுத்திக்கிட்டு இருக்கான், மடியில டீய வெச்சுக்கிட்டு. என்ன சொல்றான்? கேளுங்க.

"அவசரம் இல்லக்கா. நீயா நகரு."

நகர்ந்துட்டேன். செவுத்தப் புடிச்சுக்கிட்டு நகர்ந்துட்டேன்.

மொதல்ல உங்களுக்குத்தான் தரான், வாங்கிக்குங்க. ஒரு சொட்டுச் சிந்தல பாருங்க தட்டுல. இந்தாங்க, இந்தத் தாழ்ப்பாளு. கொஞ்சம் வளைஞ்சிருக்குது, தட்டி நிமித்தி அதே எடத்துல கீழயே போட்டுருங்க. எண்ணெ இருக்குது, எளகும்.

குடிங்கண்ணா, ஆறிப் போயிரும். சர்க்கரை பத்தலைங்க. எனக்கு எவ்வளவு போடோணும்னு அவனுக்கு எப்பிடித் தெரியும், என்னைக்கும் போட்டதில்லயே. அதெல்லாம் அந்தப் பொண்ணு போன்ல எப்பிடிங்க பாத்திருப்பா, நீங்களே சொல்லுங்க.